சென்னைக்கு வடக்கே

ஒரு மொக்கை ஜோக்கிலிருந்து தொடங்குகிறேன். என்னுடையதுதான், அதனால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

2024 அக்டோபர் 16. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என நான்கு மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பள்ளிகளுக்கு லீவு, எங்களுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். மழையோ முந்தின நாள் கொட்டியதோடு சரி, அன்றைக்குப் பெயருக்குத் தூறிவிட்டு நின்றுவிட்டது. மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 'சென்னைக்கு வடக்கே' கரையைக் கடந்தது என்று செய்தி. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாரோ வரைபடத்தைப் பெரிதாக்கி, அந்தப் பக்கம் திருப்பாலைவனம் என்று ஒரு ஊர் இருப்பதைக் கண்டுபிடித்தார். நான் சும்மா இருப்பேனா? "பாலைவனத்துக்குத்தானே போச்சு, விடுங்க. அங்கயாவது தண்ணி நிக்கட்டும்" என்று போட்டேன்.

ஏகப்பட்ட சிரிப்பு ஸ்மைலிகள். டெஸ்டிங் டீமில் இருக்கும் ஒரு தம்பி மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பினான். "அண்ணா, நான் அந்தப் பக்கம்தான். அப்பா நாலு நாளா கடலுக்குப் போகல." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும்.

முதலில் அந்தப் பெயர். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் திருப்பாலைவனம் வரும். மணல் பாலைவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது பாலை மரங்கள் நின்ற வனம். பாலை, வறண்ட கடலோரக் காடுகளில் வளர்கிற கெட்டியான மரம், சின்னதாக மஞ்சள் பழம் காய்க்கும். ஆக என் ஜோக்கின் அஸ்திவாரமே தப்பு. ஆனால் ஜோக்கைத் தகவல் பிழைக்காகக் கண்டிப்பது வாத்தியார் வேலை. என் தொந்தரவு வேறு.

புயல் மீம்களை நான் சில வருடங்களாகச் சேமித்து வைக்கிறேன் (வீட்டில் இதற்குப் பெயர் 'வெட்டி வேலை'). இவற்றில் பெரும்பாலானவை ஒரே ஜோக்தான்: சொன்ன புயல் வரவில்லை. வானிலை ஆய்வு மையத்தைக் கிண்டல் செய்வது, புயலைச் சோம்பேறி என்பது, என்னத்த கன்னையா முகத்தைப் போட்டு 'வருமா வராதா' என்பது. பலவற்றில் கைப்பிள்ளையோ வேறு ஏதாவது வடிவேலுவோ இருப்பார். இங்கேதான் ஒரு குளறுபடி. திரையில் வடிவேலு அடி வாங்குகிறவர். உதார் விட்டு, உதை வாங்கி, சட்டை கிழிந்து வருகிறவரைப் பார்த்து நாம் சிரிப்பதில் நம் சொந்த அடிகளும் கொஞ்சம் கலந்திருக்கும். புயல் மீமில் அந்த முகத்தை மாட்டிக்கொள்பவர் அடியே வாங்காதவர். தப்பித்தவர் அடிபட்டவர் வேஷம் கட்டுகிறார். உண்மையில் அடிபட்டவர் படத்திலேயே இல்லை.

சின்னப் பேரிடரைக் கேலி செய்வது நம் ஊர்ச் சரக்கு மட்டுமில்லை. 2011 ஆகஸ்ட் 23-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 5.8 ரிக்டர் நிலநடுக்கம். அப்போது இணையத்தைச் சுற்றி வந்த படம் நினைவிருக்கலாம்: தோட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் ஒன்று மட்டும் சாய்ந்து கிடக்கும், 'மீண்டும் கட்டியெழுப்புவோம்' என்ற வீர வாசகத்தோடு. நல்ல ஜோக், இன்றைக்கும் சிரிப்பேன். கேலிக்கு ஆளானது வாஷிங்டன் வட்டாரம். அந்த ஊருக்குப் பதில் சொல்ல வாய் உண்டு, செலவழிக்கப் பணமும் உண்டு. அப்படியும் வாஷிங்டன் நினைவுத் தூணில் விரிசல் விட்டு, 2014 மே மாதம்வரை அதை மூடியே வைத்திருந்தார்கள். நாற்காலி படத்தைப் பகிர்ந்த எத்தனை பேர் அந்தச் செய்தியையும் பகிர்ந்தார்கள்?

பழவேற்காட்டுக் கதை இன்னும் சிக்கல். அங்கே விழுந்து கிடக்கும் நாற்காலிகூட இருக்காது. காற்று 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் அதற்குப் பெயர். அக்டோபரில் வந்தது பெயரில்லாத வெறும் தாழ்வு மண்டலம். ஆனால் மீனவருக்கு நஷ்டம் கரையைக் கடக்கும்போது தொடங்குவதில்லை. 'கடலுக்குப் போக வேண்டாம்' என்று அறிவித்த நிமிடமே தொடங்கிவிடுகிறது. புயல் வந்தாலும் போச்சு, வராவிட்டாலும் போச்சு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாட்களிலும் இப்படித்தான், படகைக் கரையில் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் ஃபால்ஸ் அலாரம் என்று ஒன்று உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் அலர்ட் வரும், எழுந்து பார்த்தால் ஒன்றுமிருக்காது. ஒன்றுமில்லை என்பது சர்வருக்கு. தூக்கம் போனது போனதுதான். இது எனக்கு நன்றாகவே தெரியும், இருந்தும் அந்த ஜோக்கைப் போட்டேன்.

தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியோடு பழவேற்காடு போனேன். மன்னிப்பு கேட்க என்று சொன்னால் பொய், இறால் வாங்கத்தான். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அவன் அப்பாவிடம் அக்டோபர் மழை பற்றிக் கேட்டேன். "புயலுக்கு எங்க ஊர் பேரு தெரியாது தம்பி. 'சென்னைக்கு வடக்கே எங்க, சென்னைக்கு வடக்கே எங்க'ன்னு வழி கேட்டுக்கினே வரும்" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும்தான். டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டை கட்டியது 1613-ல். சென்னையில் ஆங்கிலேயர் இடம் வாங்கியது 1639-ல். கணக்குப்படி சென்னையைத்தான் 'பழவேற்காட்டுக்குத் தெற்கே' என்று சொல்லியிருக்க வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். "அப்ப வாடகை பாக்கி வாங்கிக் குடுங்க" என்றார்.

அவர் ஜோக்கும் என் ஜோக்கும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: அந்த ஊர் யார் கண்ணிலும் படுவதில்லை. அவர் அதைப் பிரச்சினையாக எடுத்து வைக்கிறார், நான் அதை வசதியாக எடுத்துக்கொண்டேன். கேலியே கூடாது என்று சொல்லும் ஆட்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கரையில் கேட்ட அளவு புயல் கிண்டல் எங்கள் குழுவில்கூட வந்ததில்லை. ஆனால் அங்கே சொல்பவருக்கும் நஷ்டக் கணக்கில் ஒரு பங்கு இருக்கிறது.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். 30-ஆம் தேதி ஐ.டி. கம்பெனிகளுக்கு மறுபடி வீட்டிலிருந்து வேலை. சென்னையில் மீம்கள் ஓடிக்கொண்டிருந்தன, புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியது. இம்முறை நான் எதுவும் போடவில்லை. அந்தத் தம்பிதான் குழுவில் ஒரு படம் போட்டான். மணலில் இழுத்துப் போட்ட ஃபைபர் படகுகள், கீழே: "எங்க ஊர்லயும் வொர்க் ஃப்ரம் ஹோம்." விழுந்து விழுந்து சிரித்தோம்.

இரண்டு நாள் கழித்து அதே படம் எங்கள் அபார்ட்மெண்ட் குழுவுக்கு வந்தது. யார் எடுத்தது, எந்த ஊர் என்று எதுவும் இல்லை. அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இவங்களுக்கென்ன, ஜாலி. நிவாரணம் வேற வரும்."