அடைவுச் சேவையகத்துடன் அடிமட்ட நூலகத்தின் வழியே பேசுதல்

ஒரு நிறுவனத்தின் பயனர் பெயர்கள், குழுக்கள், அவர்களுக்குரிய அனுமதிகள் ஆகியவற்றை மரவடிவில் அடுக்கி வைத்து, கேட்கும் செயலிகளுக்கெல்லாம் விடையளிக்கும் அமைப்பு அடைவுச் சேவையகம் எனப்படும். அதனுடன் பேசுவதற்கான எல்டாப் நெறிமுறை 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்றது. அதைச் சி மொழியில் கையாளும் செயற்கூறுகளின் வடிவம் 1995இல் ஆர்எஃப்சி 1823 என்னும் ஆவணமாயிற்று. ஓப்பன்எல்டாப் திட்டத்தின் லிப்எல்டாப் நூலகம் அம்மரபில் வந்தது. பைத்தான், பிஎச்பி ஆகிய மொழிகளில் பெரிதும் புழங்கும் எல்டாப் கூறுகளும் இதன்மேல் போர்த்திய மெல்லிய உறைகளே என்பதால், இதன் நிறைகுறைகள் சி நிரலரோடு நின்றுவிடுவதில்லை.

இந்நூலகத்தின் மெய்யான வலிமை, நெறிமுறையின் எந்தப் பகுதியையும் மறைக்காமல் நிரலரின் கையில் ஒப்படைப்பதே. ஒவ்வொரு வினவலுக்கும் தனி எண் உண்டாதலால், ஒரே இணைப்பில் பல வினவல்களை அடுத்தடுத்து அனுப்பிவிட்டு, விடைகள் வரும் வரிசையிலேயே அவற்றைப் பெற்றுக்கொள்ள முடிகிறது. மைக்ரோசாஃப்டின் அடைவுச் சேவையகமான ஆக்டிவ் டைரக்டரி ஒரு தேடலுக்கு இயல்பாக 1000 பதிவுகளுக்குமேல் தருவதில்லை. முடிவுகளைப் பக்கம் பக்கமாகக் கேட்கும் நீட்சியை வினவலோடு இணைத்து அனுப்பினாலன்றி எஞ்சியவற்றைப் பெற இயலாது. அத்தகைய நுண்பணிகளுக்கு இதற்கு நிகரான கருவிகள் குறைவு.

பெற்ற நினைவகத்தை நிரலரே விடுவிக்க வேண்டும் என்பதைப் பலர் இதன் பெருங்குறையாகச் சொல்வர். அது சி மொழிக்கே உரிய பொதுச் சுமை, பழகினால் தாங்கக்கூடியது. அதனினும் கவலைக்குரியது பழைமை விட்டுச்சென்ற இயல்புநிலைகள். நெறிமுறையின் மூன்றாம் பதிப்பு 1997இலேயே வந்துவிட்டபோதிலும், அதைத்தான் பேச வேண்டும் என்று நிரலர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. இணைப்பைத் தொடங்கும் செயற்கூறு உண்மையில் எந்த இணைப்பையும் ஏற்படுத்துவதில்லை. சேவையகம் இயங்கவில்லை என்பது முதல் கோரிக்கையின்போதுதான் தெரியவரும். 389ஆம் துறையில் இணைந்தபின் மறையாக்கத்தைத் தொடங்குமாறு தனியே கேட்க வேண்டும். அந்த அழைப்பு தோற்றதைக் கவனிக்காத நிரல், அடுத்த வரியிலேயே கடவுச்சொல்லை வெற்றெழுத்தாக அனுப்பிவிடும்.

இவை அனைத்தினும் கொடிது வெற்றுக் கடவுச்சொல். பயனர் பெயரோடு காலியான கடவுச்சொல்லை அனுப்பும் கோரிக்கையை, அடையாளம் காட்டாத நுழைவாகவே நெறிமுறை கொள்கிறது. அதைச் சேவையகம் ஏற்றுக்கொண்டால் நூலகம் 'வெற்றி' என்றே விடையளிக்கும். அவ்விடையை மட்டும் நம்பும் செயலி, எவருடைய பெயரைத் தட்டச்சிட்டாலும் கதவைத் திறந்துவிடும். ஆர்எஃப்சி 4513 இதை எச்சரித்து, காலிக் கடவுச்சொல்லைச் செயலியே தடுக்க வேண்டும் என்கிறது. ஓப்பன்எல்டாப் சேவையகம் இத்தகைய கோரிக்கையை இயல்பாகவே மறுக்க, ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக ஏற்பதால், முன்னதில் சோதித்துத் தேறிய நிரல் பின்னதில் பாதுகாப்பின்றி நிற்கும். தேடல் வடிகட்டியில் பயனர் இட்ட உடுக்குறியையும் அடைப்புக்குறியையும் மாற்றெழுத்தாக்காமல் சேர்ப்பதும் இதே இனத்துப் பிழைதான்.

ஆகவே இந்நூலகத்தை ஒதுக்குவது தீர்வாகாது; செயலியின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் அதை நேரடியாக அழைக்கும் வழக்கமே கைவிடத்தக்கது. காலக்கெடு, சான்றிதழ்ச் சரிபார்ப்பு, வடிகட்டித் தூய்மை, காலிக் கடவுச்சொல் மறுப்பு ஆகியவற்றை ஒரே சிறு அடுக்கில் வைத்து, அந்த அடுக்கை இருவகைச் சேவையகங்களிலும், குறிப்பாகக் காலிக் கடவுச்சொல்லைக் கொண்டே, சோதிப்பது தகும்.