குதிரைமலையும் யவனர் கலமும்

மன்னார்க் கரையின் பண்டை வரலாற்றை எழுதப் புகுந்தோருள் யவனர் கலத்தில் ஏறாதவர் மிகச் சிலரே. மாதோட்டத்து மண்மேட்டையும், அரிப்புக்குத் தெற்கே கடலை நோக்கி நிற்கும் குதிரைமலை முனையையும் கண்ட மாத்திரத்தில் கிரேக்க மாலுமி ஒருவன் அவர்தம் கற்பனையிற் கரையேறிவிடுகின்றான். அவனைக் கரையேற்றிய சான்றுகள் எவ்வளவு பாரத்தைத் தாங்கவல்லன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

முதற் சான்று உரோம அறிஞர் பிளினி தமது இயற்கை வரலாற்றின் ஆறாம் நூலிற் கூறும் கதையாகும். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பானின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன், அரேபியக் கரையோரம் செல்கையில் வடகாற்றில் அகப்பட்டுப் பதினைந்தாம் நாள் தப்ரபேன் தீவின் ஹிப்புறோஸ் துறையை அடைந்தான். ஆறு திங்களில் அந்நாட்டு மொழியைக் கற்றான். அவனிடமிருந்த தினாரியஸ் நாணயங்கள் வெவ்வேறு அரசர் உருவங்களைத் தாங்கியும் ஒரே நிறையினவாய் இருந்தமை கண்டு வியந்த மன்னன், ராச்சியாஸ் என்பானின் தலைமையில் நான்கு தூதுவரைக் கிளாடியஸ் பேரரசனிடம் அனுப்பினான்.

ஹிப்புறோஸ் எனும் சொல்லில் குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அடங்கியுள்ளது. இங்கோ குதிரைமலை உண்டு. அருகே முத்துச் சலாபமும் உண்டு. 1859இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் டெனன்ற் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டார். அதன்பின் எழுதியோர் பலர் அதனை ஆராயாமலே பின்பற்றினர். ஆனால் அச்சொல்லின் நேர்ப்பொருள் 'குதிரை வால்' என்பதாகும். கடல்மீன் ஒன்றுக்கும் கிரேக்கர் அப்பெயரை வழங்கினர். அன்றியும், கிரேக்கன் தமிழ்ப் பெயரைக் கேட்டு மொழிபெயர்த்தான் என்றால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அம்முனை இதே பெயரால் வழங்கியது என்று முதலில் நிறுவுதல் வேண்டும். அப்படி நிறுவியவர் எவருமிலர். பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு துறைமுகம் ஒன்றைக் கட்டிவிடலாமெனின், ஈழத்திற் கட்டமுடியாத துறை ஏது?

இக்கரையில் இன்று காணக்கூடிய கிரேக்கப் பாணிக் கட்டடம் அரிப்பிலுள்ள 'டோரிக்' மாளிகையின் இடிபாடு ஒன்றே. முத்துக்குளிப்பை மேற்பார்க்கும்பொருட்டு ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்தது அது. ஊரவர் அதனை அல்லிராணி கோட்டை என்பர். இருநூறாண்டுப் பழைமையே உடைய ஒரு கட்டடம் இதிகாச காலத்து அரசிக்கு உரியதாகிவிட்டமை, பெயர்களை நம்பி வரலாறு செய்வோர்க்கு நல்ல பாடம்.

பிளினியின் கதை முழுவதும் கற்பனை என்று தள்ளிவிடவும் இயலாது. எகிப்தின் கீழைப் பாலையில் செங்கடற்றுறைக்குச் செல்லும் வழியில், வாடி மெனி என்னுமிடத்துப் பாறையொன்றில், புபிலியஸ் அன்னியஸ் புளோக்காமஸின் ஆளாகிய லைசாஸ் என்பவன் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் தன் பெயரைப் பொறித்துச் சென்றுள்ளான். அதன் காலம் அகஸ்டஸ் ஆட்சியில், கி.பி. 6ஆம் ஆண்டு யூலை மாதம். எனவே புளோக்காமஸ் குடும்பத்தினர் செங்கடல் வழியில் இயங்கியமை உறுதியாகின்றது. ஆயின் பிளினி கூறும் தூது கிளாடியஸ் காலத்தது. அவன் அரியணையேறியது கி.பி. 41இல். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளை எவ்வாறு நிரப்புவது? பிளினி இரு வேறு செய்திகளைக் கலந்துவிட்டாரா, அன்றிப் புளோக்காமஸ் இருவரா? லைசாஸே ஈழத்துக்கு வந்தவன் என்று முடிவுகட்டுவோர், பாறை சொல்லாததையும் அதன் வாயில் வைக்கின்றனர்.

பாறை சொல்லாததைப் படித்தல் என்றவுடன் நினைவுக்கு வருபவர் பேராசிரியர் செனரத் பரணவிதான. 1940 முதல் 1956 வரை தொல்பொருளாணையாளராக விளங்கிய அவர் ஈழத்துக் கல்வெட்டியலின் தந்தை எனத்தக்கவர். ஆயினும் அவர்தம் இறுதிக் காலத்து நூல்கள் அறிஞர் உலகைத் திகைப்பிலாழ்த்தின. அறியப்பட்ட கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே, பதினைந்தாம் நூற்றாண்டில் மிகச் சிறிய எழுத்துகளால் வேறு வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன என்றும், மறைந்துபோன பழைய வரலாற்று நூல்களின் பகுதிகள் அவற்றில் உள்ளன என்றும் அவர் கூறினார். 1966இல் மலாயத் தொடர்பு பற்றியும், 1971இல் கிரேக்கரும் மௌரியரும் பற்றியும் எழுதிய நூல்கள் இவ்வாதாரத்தின் மீதே எழுந்தன. 1967இல் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன விரிவான கட்டுரையொன்றில் முதலாவது நூலின் ஆதாரங்களைக் கடுமையாக மறுத்தார். பிறர் கண்ணுக்குப் புலப்படாத எழுத்தைச் சான்றாக ஏற்றால், மறுப்பு என்பதற்கே இடமில்லாது போய்விடும்.

துயரம் என்னவெனில், கண்ணுக்குப் புலப்படும் எழுத்தைப் படிப்பதில் அவருக்கு நிகரானவர் இலர். அநுராதபுரத்தில் 'தமெட' வணிகர் கூடியிருந்த மேடைக் கல்வெட்டை 1940இல் வெளியிட்டவரும் அவரே. அங்கு ஒவ்வொருவர்க்கும் உரிய இருக்கையில் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் உயர்ந்த இருக்கை நாவிகனாகிய காரவ என்பானுக்கு உரியது. தமிழ்க் கப்பலோட்டி ஒருவனை அவர் எவரும் தொட்டுப் பார்க்கக்கூடிய கல்லிலிருந்து மீட்டுத் தந்தார். கிரேக்கரைத் தேடியபோதோ எவரும் காணாத எழுத்தை நாடவேண்டியதாயிற்று.

தமிழ் எழுத்தாளரும் இப்பிழைக்கு விலக்கல்லர். ராச்சியாஸ் என்ற பெயரில் அரசனையோ இராசையாவையோ கண்டு மகிழ்வோர், ஹிப்புறோஸில் குதிரையைக் கண்டோரின் வழியிலேயே செல்கின்றனர். யவனன் வந்தான் என்பதில் அவர்கள் அடையும் பெருமிதமும் விந்தையானது. ஒரு கரையின் தகுதியை வந்தவனைக் கொண்டா அளப்பது?

பிளினியின் பகுதியில் இக்கரைக்கு மிக நெருங்கிய செய்தி அடிமையின் கதையன்று. தீவுக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது, ஆனால் சில ஓடைகளில் நங்கூரம் எட்டாத ஆழமுடையது. ஆதலால் அங்கு ஓடும் மரக்கலங்களுக்கு இருபுறமும் அணியம் உண்டு, திருப்பாமலே ஓட்டலாம். அவை மூவாயிரம் அம்போறாச் சாடி கொள்ளத்தக்கன. அம்மாலுமிகள் விண்மீன் பாராது பறவைகளை விட்டு அவை செல்லும் திசையிற் கரை காண்பர். மணல்திட்டுகளின் இடையே கலம் ஓட்டியவர் சொல்லக் கேட்டாலன்றி இத்தகைய விவரம் உரோமை வரை சென்றிராது. யவனர் பயணம் பற்றிய நூல்களில் இப்பகுதி பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே இடம்பெறுகின்றது.

மாதோட்டம் தொலமி குறிப்பிடும் மொடுத்து என்ற வணிகத் துறையாகலாம் என்பது பலர் கருத்து. குதிரைமலையைவிட இது வலுவானது; ஏனெனில் இங்கு மண் பேசுகின்றது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில், குதிரை இலாட வடிவினதாய் இரட்டை அகழி சூழ்ந்த அம்மேடு அகழப்பட்டது. சீனத்துப் பாண்டங்களும் மேற்காசியப் பாண்டங்களும் திரளாகக் கிடைத்தன. மத்தியதரைக் கடற் பொருள்களோ அவற்றின் முன் மிகச் சொற்பம். மாதோட்டத்தின் செழிப்புக் காலம் யவனர் காலமன்று, கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியாகும். ஈழத்திற் கிடைக்கும் உரோம நாணயங்களும் பெரும்பாலும் பிற்காலச் செப்புக் காசுகளே. பிளினியின் மன்னன் வியந்த வெள்ளிக் காசுகள் அரிது.

1984இல் போர்ச் சூழலால் அகழ்வு நின்றது. அறிக்கை நூல் வெளிவர 2013 ஆயிற்று. போர் முடிந்தபின் மீண்டும் எடுக்கப்பட்ட மண்ணை நீரில் அலசியபோது கரிந்த மிளகும், கிராம்பும், கோதுமையும், திராட்சை விதையும் அகப்பட்டன. 2018இல் அவை பற்றிய ஆய்வு வெளியாயிற்று. கிழக்கிலிருந்து வந்த கிராம்பும் மேற்கிலிருந்து வந்த திராட்சையும் அம்மேட்டிலே கலந்துகிடக்க, அவற்றை ஏற்றி இறக்கிய துறையின் பெரும்பகுதி இன்னும் அகழப்படாமலே கிடக்கின்றது.