குறிஞ்சித்தேனும் கருப்பொருள் திரிபும்

இராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' (1963) என்னும் புதினத்தை நீலகிரிப் படகர் வாழ்வின் ஆவணம் என்றே பலரும் போற்றுவர். இப்பாராட்டு நூலைச் சிறுமைப்படுத்துவதாகும். வழக்கங்களைத் தொகுத்தல் இனவரைவியலார் பணி. இந்நூல் காட்டுவது ஒரு நிலத்தின் பொருளியல் திரிபு.

தொல்காப்பியர் கருப்பொருளுள் உணாவையும் செய்தியையும் தனித்தனியே எண்ணுவர். செய்தி என்றது தொழிலை. பழங்குறிஞ்சியில் இவ்விரண்டும் பிரியாதன, விளைத்ததே உணவு. சாமையும் கேழ்வரகும் விளைந்த ஹட்டியும் அத்தகையதே. எருமையும் பாலும் வழிபாடும் அதனோடு ஒட்டியன. பின்னர் உருளைக்கிழங்கு வந்தது, அதன்பின் தேயிலை. விலைபோகாத ஆண்டில் கிழங்கையாவது அவித்து உண்ணலாம். தேயிலைக் கொழுந்தை உண்டு பசியாற இயலுமோ? இங்கே செய்தி உணாவினின்றும் முற்றப் பிரிந்துவிடுகின்றது. குடும்பத்தின் உலைநீர் தொலைவிலுள்ள ஏலக்கூடத்தின் விலையை நோக்கி நிற்கின்றது.

மண்ணில் ஊன்றிய ஜோகியையும் பணத்தை நாடிய ரங்கனையும் நன்மை, தீமை என்னும் இருதலைகளாகக் கொள்வது பொருந்தாது. இருவரும் இருவேறு பொருளியல்களின் மக்கள். குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை மீண்டும் மலரும். விட்டுப்போன விளைவு அங்ஙனம் மீள்வதன்று. முதற்பொருள் மாறாதிருக்கக் கருப்பொருள் மாறுதலே இப்புதினத்தின் துயரம்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் முறையன்று. ஹட்டியின் கண்ணால் மலையைக் காணும் இந்நூலில், கூலிக்குக் கொழுந்து பறிக்க வந்த மக்கள் ஓரத்திலேயே நிற்கின்றனர். தேயிலை, தொழிலை மட்டும் மாற்றவில்லை; மலையில் வாழ்வோர் யாவர் என்பதையும் மாற்றியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையினின்றும் திரும்பியவருள் கணிசமானோர் இங்கே குடியேறினர். அவர்க்கு வேலையளிக்கவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968இல் தொடங்கப்பெற்றன. நூல் வெளிவந்த பின்னர் நிகழ்ந்த இவற்றை ஆசிரியர் கூறவில்லை என்பது குற்றமாகாது. ஆனால் தோட்டங்களும் அவற்றின் தொழிலாளரும் அதற்கு நெடுங்காலம் முன்னரே அங்கிருந்தனர் அல்லரோ?

1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை வீழ்ந்தது. 2001இல் 7,62,141 ஆக இருந்த நீலகிரி மாவட்ட மக்கள்தொகை, 2011இல் 7,35,394 ஆகக் குறைந்தது. விலை வீழ்ச்சி ஒன்றே இதற்குக் காரணம் எனத் துணிதல் இயலாது. எனினும், உண்ண இயலாத பயிரை நம்பிய நிலத்தின் நிலையாமையை உணர இப்புதினத்தை மீண்டும் பயில வேண்டும். மலையை விட்டு இறங்கியவர் கதைக்கு வேறு நூல்களையே நாடவேண்டும்.