எண்ணிக்கையும் சாட்சியும்

கொள்ளைநோய்க் காலத்தில் மக்களின் நடத்தையை ஆள்வது நோய் மட்டுமன்று. நோயைக் குறித்துச் சொல்லப்படும் செய்தியும் அதனை ஆளுகிறது. எதற்கு அஞ்சவேண்டும், யாரைவிட்டு விலகவேண்டும், யார்மேல் குற்றம் சுமத்தவேண்டும் என்பவற்றை மக்கள் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் கற்றுக்கொள்கின்றனர். அரசும் மக்கள் மனத்தின் போக்கை நோக்கியே நடக்கிறது. இதற்கு 2020ஆம் ஆண்டில் நம் நாடே சான்றாயிற்று. டெல்லி நிஜாமுதீனிலுள்ள தப்லீக் ஜமாஅத் மையத்தைக் குறித்து அவ்வாண்டு வெளிவந்த செய்திகளை இங்கு ஆராய விரும்புகிறோம்.

முதலாவது, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே ஒப்புக்கொள்வோம். 2020 மார்ச்சில் அங்கே பெருங்கூட்டம் கூடியது. பலருக்குக் கொரோனா தொற்றியது. அவர்கள் ஊர் திரும்பியபோது நோயும் பல மாநிலங்களுக்குச் சென்றது. ஏப்ரல் 18ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் தந்த கணக்கின்படி, நாட்டில் நோயுற்ற 14,378 பேரில் 4,291 பேர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர், இக்கூட்டத்தோடு தொடர்புடையவர்கள். இவ்வெண்கள் பொய்யல்ல. அவ்வேளையில் நெருக்கமாகக் கூடியது விவேகமன்று என்பதையும் நாம் மறுக்கவில்லை.

அப்படியானால் குறை எங்கே? மெய்யான எண்ணைக் கொண்டே பொய்ச்சாட்சி சொல்லக்கூடும் என்பதே நம் கருத்து. அந்நாட்களில் சோதனை வசதி மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்தோர், நோயாளியோடு பழகியோர், கடும் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தோர் போன்ற சிலருக்கே சோதனை நடந்தது. ஜமாஅத்தாரோ ஊர் ஊராகத் தேடப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். தேடிய இடத்தில் நோய் அகப்பட்டது. தேடாத இடத்தில் அது கணக்கில் ஏறவில்லை. ஆகவே அவர்களுடைய பங்கு பெரிதாய்த் தோன்றியதற்குத் தொற்றின் மிகுதி ஒரு காரணம். சோதனையின் மிகுதி மற்றொரு காரணம். முதற்காரணம் தலைப்புச் செய்தியாயிற்று. மற்றது பெரும்பாலும் சொல்லப்படவேயில்லை.

பெயரிட்ட முறையையும் கவனிப்போம். அதே ஆண்டு மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் பரவியது. அதனைச் சந்தையின் பெயராலேயே குறிப்பிட்டார்கள். வியாபாரிகளும் சுமைதூக்குவோரும் எம்மதத்தினர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. நிஜாமுதீன் செய்தியிலோ சில தொலைக்காட்சிகள் நோயின் பெயரோடு 'ஜிகாத்' என்னும் சொல்லையே இணைத்தன. சொல் தெருவுக்கு வந்தது. சில இடங்களில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகள் துரத்தப்பட்டனர்.

அரசும் இதற்குப் புறம்பாய் நிற்கவில்லை. நாள்தோறும் தந்த அறிக்கையில் இக்கூட்டத்தாரின் தொகையைத் தனியே பிரித்துக் கூறியது. ஏப்ரல் 2ஆம் தேதி 960 வெளிநாட்டவரின் விசாக்களை ரத்துச் செய்தது. அரசின் கணக்கு செய்திக்கு இரையாயிற்று. செய்தி எழுப்பிய கோபம் அரசின் கடுமைக்கு ஆதரவாயிற்று. எந்தச் சமூகத்தின்மேலும் களங்கம் சுமத்தலாகாது என்று ஏப்ரல் 8ஆம் தேதி அமைச்சகமே அறிவுரை வெளியிட்டது. அதற்குள் களங்கம் பரவிவிட்டது.

பின் நீதிமன்றங்கள் பேசின. 2020 ஆகஸ்டு 21ஆம் தேதி பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 29 வெளிநாட்டவர்மீதிருந்த வழக்குகளை நீக்கியது. அச்சிலும் தொலைக்காட்சியிலும் நடந்த பிரசாரத்தைக் கண்டித்தது. டிசம்பர் 15ஆம் தேதி டெல்லி நீதிமன்றம் 36 பேரைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. இந்தியர் 70 பேர்மீதிருந்த வழக்குகளோ 2025 ஜூலையிலேயே நீங்கின. குற்றச்சாட்டுக்குக் கிடைத்த இடமும் நேரமும் விடுதலைக்குக் கிடைத்தனவா என்பதை வாசகரே அறிவர்.

ஔரங்காபாத் அமர்வு ஆண்ட ஆங்கிலச் சொல்லுக்கு நம் வேதாகமத் தமிழ் 'போக்காடு' என்பது. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். அங்கே ஆட்டின் தலையில் கைவைத்து அறிக்கையிடப்படுவது ஜனங்களின் சொந்தப் பாவமே. 2020இல் நாம் ஆட்டை மட்டும் தேடினோம், அறிக்கையை விட்டுவிட்டோம். சோதனைக் குறைவையும், பசியோடு நடந்துசென்ற தொழிலாளரையும் குறித்து எழவேண்டிய கேள்விகள் அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போயின.

திருச்சபை வரலாற்றுக்கும் இது புதிதன்று. 1348இல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டார்கள் என்ற வதந்தி எழுந்தது. யூதரும் அந்நோயால் மாள்கிறார்களே என்று எடுத்துக்காட்டிப் போப்பு ஆறாம் கிளெமெந்து அதை மறுத்து ஆணை விடுத்தார். ஆயினும் 1349 பிப்ரவரியில் ஸ்திராஸ்பூர்க் நகரத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் அயலாராகிய யூதர்களை எரித்தார்கள். தலைமையிலிருந்து வந்த உண்மை, ஊரில் உலவிய வதந்தியை வெல்லவில்லை.

ஆயர்களே, இறையியல் மாணவர்களே, வதந்தி உலவும் அந்த ஊரில்தான் நம் ஊழியம் இருக்கிறது. 2020இல் இத்தகைய செய்திகள் நம் சபையாரின் கைப்பேசிகளிலும் சுற்றி வந்தன. நம்மில் பலர் வாசித்துவிட்டு மௌனமாயிருந்தோம். யாத்திராகமம் 20:16 வாயினால் சொல்லும் பொய்யோடு நின்றுவிடுவதாக நாம் எண்ணலாகாது. பிறர் அனுப்பியதை ஆராயாமல் மற்றவருக்கு அனுப்புவதையும் அது தொடுகிறது. இனியொரு நோய் வரும்போது, எண்ணப்பட்டவர் யார், எண்ணப்படாதவர் யார் என்று முதலில் கேட்போம். குற்றச்சாட்டைக் கேட்ட சபைக்கு, விடுதலைத் தீர்ப்பையும் அறிவிப்போம். அயலானுக்கு நாம் பட்டிருக்கும் கடன்களில் மிகச் சிறியது அதுவே.