அஞ்சே முக்காலுக்கு முழிப்பு தட்டிருச்சு!

அலாரம் அடிக்கவே இல்லை. அது அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே, யாரோ தோளைத் தொட்டு எழுப்பின மாதிரி கண் தானாகத் திறந்துகொண்டது. தலையில் பாரம் இல்லை, கண்ணில் எரிச்சல் இல்லை, இன்னும் அஞ்சு நிமிஷம் என்று உடம்பு கெஞ்சவில்லை. பாயில் எழுந்து உட்கார்ந்து பக்கத்தில் படுத்திருந்தவளை உலுக்கினேன். “ஏட்டி, நான் தூங்கிட்டேன்! முழுசாத் தூங்கிட்டேன்!” அவள் பாதிக் கண்ணைத் திறந்து, “அதைச் சொல்லவா என்னைய எழுப்புனீய?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மூன்று வருஷமாகத் தூங்காதவனுக்குத்தான் அந்தக் காலையின் அருமை தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேன் றெக்கையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது, மணி பார்க்க போனை எடுத்து அதிலேயே முக்கால் மணி நேரம் கரைவது, விடியும்போது அசந்து ஏழரைக்கு அலறியடித்து எழுவது. பாலில் ஜாதிக்காய் போட்டுப் பார்த்தாச்சு, கசகசா அரைத்துக் குடித்தாச்சு, விலை கூடின மெத்தையும் வாங்கியாச்சு. கடைசியில் போய்ப் பார்த்த டாக்டர், குறட்டை விடுவேனா, தூக்கத்தில் மூச்சு முட்டுமா என்று முதலில் விசாரித்தார் (அது இருந்தால் வைத்தியமே வேறு, விட்டுவிடாமல் காட்டிவிடுங்கள்). இல்லை என்றதும் சொன்னார்: “ராத்திரியை விடுங்க. காலையைப் பிடிங்க.”

பிடித்தேன். தினமும் ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான், முந்தின ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் சரி. எழுந்ததும் மொட்டை மாடி. நினைத்துப் பாருங்கள், பாளையங்கோட்டையில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நிற்கிறீர்கள், கீழே வாசல் தெளிக்கிற சத்தம், மண் நனைந்த வாசனை, எங்கேயோ ஒரு குயில், கிழக்கே தென்னை மட்டைக்கு நடுவில் சூரியன் மெல்ல மெல்ல ஏறி முகத்தில் இளஞ்சூடாக விழுகிறது! அந்த வெளிச்சம்தான் மருந்து! மூளைக்குள் சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு கடிகாரம் இருக்கிறது, அதன் ஒரு சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம், விட்டால் நாளுக்கு நாள் பின்தங்கும், அதைத் தினமும் திருத்தி வைப்பது கண்ணுக்குள் போகிற காலை வெளிச்சம். வீட்டுக்குள் டியூப் லைட் போட்டால் போதாதா என்று கேட்காதீர்கள், அது சில நூறு லக்ஸ்தான், சூரியன் கொஞ்சம் மேலேறிவிட்டால் வெளியே பல ஆயிரம்! இந்தக் கடிகாரம் அணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வாழைப்பழத்தை மொய்க்கிற சின்ன ஈ! இதை டீக்கடையில், பஸ்ஸில், ஆபீஸில் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை.

முதல் பத்து நாள் பகலில் கண் செருகியது. அவ்வளவுதான், அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

சாயங்காலக் காப்பியையும் விட்டேன். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டும். காப்பியின் கஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாலரை மணிக்குக் குடித்ததில் பாதி ஒன்பதரைக்கும் உடம்பிலேயே இருக்குமாம்! படுக்க ஒன்றரை மணி நேரம் முன்னால் வெந்நீர்க் குளியல். சூட்டுக்கு ரத்தம் கை கால் பக்கம் பாய்ந்து உள்சூட்டை வெளியே விட, உடம்பு குளிர்ந்து தூக்கத்துக்குத் தயாராகிறது. இருபது நிமிஷம் போல் தூக்கம் வராவிட்டால் புரளக் கூடாது, எழுந்து போய் மங்கின விளக்கில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பி வர வேண்டும். படுத்தாலே தூக்கம்தான் என்று உடம்பு மறுபடி கற்றுக்கொள்ள வேண்டுமல்லவா?

பாயைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? பரணிலிருந்து எங்கள் கல்யாணப் பாயை இறக்கினேன், பத்தமடைப் பாய், தாமிரபரணிக் கரைக் கோரையை நுணுக்கமாகக் கிழித்து, ஊறவைத்து, பட்டு மாதிரி நெய்தது, எங்கள் ரெண்டு பேர் பெயரும் ஓரத்தில் நெய்திருக்கும். அந்தக் குளிர்ச்சியில் முதுகு படுகிற சுகம் இருக்கிறதே! ஜன்னல் வழியாகக் காற்று, விளக்கு இல்லை, போன் அடுத்த அறையில், கோரையின் லேசான புல்வாசனை மூக்கில், கால் விரல்நுனியிலிருந்து ஒரு கனம் மெதுவாக ஏறி ஏறி முழங்கால், இடுப்பு, தோள் என்று மூட, அதற்குப் பிறகு நான் இல்லை! முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம், அப்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது, வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது, தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு சுற்றாகப் போய் விடியற்காலையில் நீள நீளமாகக் கனவு, எத்தனை வருஷத்துக்குப் பிறகு கனவு கண்டேன் தெரியுமா, தாமிரபரணியில் முங்கிக் குளிக்கிற கனவு!

இப்போது மத்தியானத்தில் தலை கவிழ்வதில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுவதில்லை. சாப்பாடு ருசிக்கிறது, மாடிப்படி மூச்சு வாங்கவில்லை, அம்மா போனில் என் குரலைக் கேட்டே, “என்னப்பா, சந்தோஷமா இருக்க போலிருக்கே?” என்கிறாள்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் ராத்திரி முழிக்கிறவர்தான். நாளைக் காலை ஆறேகாலுக்கு மொட்டை மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் சேர்த்து இப்போதே ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.