முள்முருங்கைக் கட்டையும் செருப்பு ஷீட்டும்

கோலார் தங்கவயல், வேஷம் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இன்று பலருக்கும் சினிமாதான் நினைவுக்கு வரும். 2018-இல் வந்த ‘கே.ஜி.எஃப்’, 2024-இல் வந்த ‘தங்கலான்’ இரண்டின் படப்பிடிப்பும் அந்த மண்ணில் நடந்திருக்கிறது. ஆனால் அங்கே சாம்பியன் ரீஃப் பகுதியில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குக் கிரீடமும் கதாயுதமும் செய்ய நினைப்பவருக்கு அந்தப் பெருஞ்செலவு வழிகாட்டாது. அவருக்கான பாடம் தெருக்கூத்தில் இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியபின் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்தவை. கூத்தின் தாய்மண்ணும் ஏறக்குறைய அதுதான்.

அரச வேஷக்காரர் தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டிக்கொள்ளும் மர அணிகளுக்குக் கட்டை என்று பெயர். நாம் அடைக்கு இலை பறிக்கிற முள்முருங்கையின் மரம்தான் இதற்கு ஆகிவந்தது, அவ்வளவு லேசு. செதுக்கிய மரத்தில் வண்ணத்தாளும் ஜிகினாவும் ஒட்டி, கண்ணாடிச் சில்லுகளைப் பதிப்பார்கள். விடிய விடியச் சுழன்று ஆடுகிறவர் கழுத்து தாங்க வேண்டும். கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் துரியோதனன் தெரிய வேண்டும். இந்த இரண்டு தேவைகளிலிருந்துதான் கட்டையின் முழு வடிவமும் பிறந்தது. விளக்கு வெளிச்சம் சில்லில் பட்டுத் தெறிக்கும்போது பொன் இல்லை என்பது யாருக்கும் தோன்றாது. கர்நாடகத்து யக்ஷகானத்திலும் லேசான மரமும் மினுக்குத் தாளும் கண்ணாடியும்தான்.

இந்த அறிவு பள்ளிப் பாடமாகவும் இருந்திருக்கிறது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் முதலானோர் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் குருகுலம் திறந்து, பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கூத்தும் படிப்பும் சொல்லிக்கொடுத்தது. செய்யாறு வட்டத்துப் புரிசையில் தம்பிரான் பரம்பரை இன்னொரு பெரிய பள்ளி.

புதிதாகத் தொடங்குகிறவர் மரம் செதுக்க வேண்டியதில்லை. மளிகைக்கடை அட்டைப்பெட்டி போதும். புஜக்கட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே வடிவில் மூன்று அட்டைகள் வெட்டி, நடு அட்டையின் வரி மட்டும் குறுக்கே போகும்படி வைத்து மைதாப் பசையால் ஒட்டி, ஒரு இரவு அம்மிக்கல்லின் கீழே வைத்தால் வளையாது. ஓரத்துக்குச் செய்தித்தாள் துண்டுகளை இரண்டு சுற்று ஒட்டவேண்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் வேலையில் வேண்டாம், வெந்தயம் அரைத்துச் சேர்க்கலாம். காய்ந்ததும் வெள்ளை அடித்து, ஜிகினாத்தாள் ஒட்டி, கண்ணாடிக்குப் பதில் பழைய சி.டி.யின் துண்டுகளை முனை தேய்த்துப் பதிக்கலாம். நகாசு வேலையில் நேரத்தைக் கொட்டுவதில் பயனில்லை. முப்பது அடி தள்ளி நின்றால் பெரிய வடிவமும் கறுப்பு ஓரக்கோடும்தான் கண்ணுக்கு நிற்கும்.

கவசத்துக்கு வேறொரு நல்ல பொருள் இருக்கிறது. பெங்களூரு காமிக் கானுக்கு வேஷம் கட்டிப் போகும் இளைஞர்கள் ‘ஈவா ஃபோம்’ என்று வாங்குவது, செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் ஷீட்டின் வகைதான். செருப்புத் தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். ஒட்டும் பசையும் அங்கேயே உண்டு. சூடு காட்டி வளைத்தால் மார்பின் வளைவுக்கு அப்படியே நிற்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அந்தப் பசையின் நெடி கெடுதல்.

முகப்பூச்சில் மட்டும் பழைய வழியைப் பின்பற்றாதீர்கள். அரிதாரம் ஆர்செனிக் சேர்ந்த கனிமம், செந்தூரத்தில் ஈயம் உண்டு. தோலுக்கென்றே விற்கும் நீர்வண்ணம் வாங்குங்கள். செலவு செய்யவேண்டிய இடம் இது ஒன்றுதான்.

தங்கவயல்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சயனைடு மேட்டு மண் மாவுபோல நைசாக இருப்பதால், பொம்மைக்கும் பாறை செட்டுக்கும் பூச எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். அது பொன்னைப் பிரித்தபின் ஒதுக்கிய பாறைத்தூள்; அந்த நுண்தூசி நுரையீரலுக்குள் போனால் என்ன செய்யும் என்பது சுரங்கத்தில் இறங்கியவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஏரிக் களிமண் போதும்.

2001-இல் சுரங்கம் மூடியபின் வேலைக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிற ஊர் தங்கவயல். ஆண்டு விழாவுக்கு வாடகை டிரெஸ் எடுக்கப் பெற்றோரிடம் பணம் கேட்கும் ஆசிரியர்கள், இந்த வருஷம் அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, கூத்துக் கலைஞர் ஒருவரை அவருடைய கட்டைப் பெட்டியோடு பள்ளிக்கு ஒருநாள் அழைத்துப் பாருங்கள். பிள்ளைகள் கட்டையைக் கையில் தூக்கிப் பார்க்கட்டும்.