ஓடிப்போவதும் ஒரு நோய்

1851ஆம் ஆண்டு, நியூ ஆர்லியன்ஸ் மருத்துவ இதழ் ஒன்றில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் தாம் கண்டறிந்த நோய்க்கு டிராபெட்டோமேனியா என்று பெயர் சூட்டினார். அடிமை தன் எஜமானரிடமிருந்து தப்பி ஓடுவதுதான் அந்த நோய். காரணமில்லாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிபவனை, ஓடுவதற்கு முன்பே சாட்டையால் அடித்துவிட வேண்டும் என்பது அவர் எழுதிய சிகிச்சை. விடுதலை வேட்கையை மனக்கோளாறு என்று எழுத, படித்த ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? அமெரிக்க அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

ஆரம்பத்தில் அவர்களே சற்றுக் கூசினார்கள். புலிவாலைப் பிடித்த கதை என்று நாம் சொல்வதை, 1820இல் எழுதிய கடிதத்தில் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் ஓநாயின் காதை வைத்துச் சொன்னார்: பிடித்திருப்பதும் ஆபத்து, விடுவதும் ஆபத்து. 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதையடுத்து, அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கலாமா என்று மாநிலச் சட்டமன்றமே விவாதித்து, கடைசியில் கைவிட்டது. விடுதலை நடவாத காரியம் என்று தாமஸ் டியூ என்ற பேராசிரியர் எழுதினார். 1837 பிப்ரவரியில் செனட் சபையில் பேசிய தென் கரோலினா செனட்டர் ஜான் கால்ஹூனுக்கு அந்தக் கூச்சமும் இல்லை. அடிமை முறை இரு தரப்புக்கும் நன்மையே என்றார். பருத்தி கொழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1860இல் அடிமைகளின் தொகை ஏறத்தாழ 40 லட்சம்.

பிரசங்க மேடை பைபிளைத் திறந்தது. நோவா தன் மகன் காமின் வம்சத்தைச் சபித்ததால்தான் கறுப்பர்கள் அடிமைகள் என்றார்கள். ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தைப் பிரித்துப் பார்த்தால், சாபம் விழுவது காமின் மேல் அல்ல, அவன் மகன் கானான் மேல். தோலின் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைப் பவுல் அவன் எஜமானர் பிலேமோனிடமே திருப்பி அனுப்பினாரே என்றார்கள். அவனை அடிமையாக நடத்தாமல் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபம் கேட்பதை மெல்லக் கடந்துபோனார்கள்.

இன்னொரு பக்கம் மண்டையோடுகளை அளந்தவர்கள். ஜோசையா நாட்டும் ஜார்ஜ் கிளிடனும் 1854இல் வெளியிட்ட நூல், மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்றது. அப்படியானால் ஆதாம், ஏவாள் கதை என்னாவது? ஒரே முறையைக் காக்க வந்த இரண்டு வாதங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. ஆனாலும் இரண்டும் புழக்கத்தில் இருந்தன.

புள்ளிவிவரத்தையும் இழுத்துவந்தார்கள். விடுதலை பெற்ற வடமாநிலக் கறுப்பர்களிடையே பைத்தியம் பெருகிவிட்டதாக 1840 கணக்கெடுப்பு காட்டியது. எட்வர்டு ஜார்விஸ் என்ற மருத்துவர் ஊர் ஊராகச் சரிபார்த்தார். கறுப்பர் ஒருவர்கூட வசிக்காத ஊர்களில் கறுப்பு மனநோயாளிகள் பதிவாகியிருந்தார்கள். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 133 பேர் என்றிருந்தது. அவர்கள் அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையின் வெள்ளை நோயாளிகள். பிழை அம்பலமான பிறகும், 1844இல் வெளியுறவுச் செயலராக இருந்த கால்ஹூன் பிரிட்டிஷ் தூதருக்கு எழுதிய கடிதத்தில் அதே கணக்கை எடுத்துவைத்தார். தெரிந்தே செய்த இதை நான் பொய் என்றுதான் சொல்வேன்.

வரலாற்றாசிரியர்கள் அதிகம் மோதிக்கொண்டது ஜார்ஜ் ஃபிட்ஸ்ஹியூ விஷயத்தில். வடக்கின் ஆலைத் தொழிலாளியைவிட அடிமை நன்றாக வாழ்கிறான், அவன் முதுமையைக் கவனிக்க ஆளுண்டு என்றவர் இவர். முதலாளித்துவத்தின் மீது இவர் வைத்த விமர்சனத்தை யூஜின் ஜெனோவீஸ் மிகவும் மதித்து எழுதினார். எனக்கு அது ஒப்பவில்லை. ஆலைத் தொழிலாளியின் பிள்ளையை ஏலம் விட எந்த முதலாளிக்கும் உரிமை இருக்கவில்லை. லாரி டைஸ் 1987இல் எழுதிய நூல் இதைவிட உதவும்: இந்த வாதங்கள் தெற்கில் மட்டும் முளைத்தவை அல்ல, வடக்கில் பிறந்து படித்த போதகர்களும் அவற்றை வளர்த்தார்கள் என்று அவர் காட்டினார்.

இத்தனை வாதங்களுக்கும் மறுப்பு தெற்கின் சட்டப் புத்தகங்களிலேயே இருந்தது. கறுப்பர்களுக்குப் படிப்பு ஏறாது என்றவர்கள், அவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருவதைக் குற்றமாக்கினார்கள். தென் கரோலினா 1740லேயே தடை போட்டது. பால்டிமோரில் சிறுவன் ஃபிரெடரிக் டக்ளஸுக்கு எஜமானி அகரவரிசை கற்றுத்தர, கணவர் தடுத்தார்: படித்தால் இவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றுப்போவான். அந்த வார்த்தையிலிருந்துதான் விடுதலைக்கான வழியைப் புரிந்துகொண்டதாக டக்ளஸ் பின்னாளில் எழுதினார்.

1861 மார்ச் 21 அன்று சவானா நகரில், பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், வெள்ளையனுக்குக் கறுப்பன் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று முழங்கினார். உள்நாட்டுப் போரில் தோற்ற பிறகு இரண்டு தொகுதிகளில் பெரிய நூல் ஒன்றை எழுதினார். போர் மாநில உரிமைகளுக்காக நடந்தது என்று அதில் வாதிட்டார்.